செத்தவனைக் கேட்காமல் எழுப்பினோம்

எட்டு நாள் முன்னால், ஒரு ஞாயிறு மதியம், தர்மபுரியில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை மாடியில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு எலும்புக்கூட்டை அடக்கம் செய்தோம்!

(போலீசுக்கு போன் போட வேண்டாம். கேம்தான்.)

காகிதம், பென்சில், பகடை வைத்து ஆடும் ரோல்பிளே கேம். நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். (கல்யாணமான ஆம்பிளைகள் வாள், கேடயம் என்று கத்துவதைக் கீழே டீக்கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.)

ரவி, ஸ்டீபன், லோகு, நான். ஆறு வருஷமாக இந்த நாலு பேர்தான்.

நாலு மாதம் முன்னால் தொப்பூர் கணவாயில் பைக் விபத்து. லோகு போய்விட்டான்.

இரண்டு மாதம் யாரும் பகடையைத் தொடவில்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. லோகுவின் பாத்திரம் மாறன் என்ற போர்வீரன். கதையில் அவனும் செத்து, ஒரு மந்திரத்தால் எலும்புக்கூடாக எழுந்து நம்மோடு வந்தால்?

அஞ்சலி என்று நினைத்தோம். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தோம்.

இந்த கேமின் ரூல் புத்தகத்தில் எழுப்பப்பட்ட பிணங்களுக்கு எதிரே 'தீயவை' என்று போட்டிருக்கும். யோசிக்காமல் வெட்டலாம். அதை வைத்தே முதல் வாரம் பெரிய வாக்குவாதம். "எல்லா பொணமும் கெட்டதுன்னு எப்பிடிடா சொல்லுவ?" என்று ஸ்டீபன் குதித்தான். கடைசியில் மாறன் நல்ல பிணம் என்று முடிவு செய்தோம்.

எழுப்பிய நாங்கள் நல்லவர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை!

எட்டு வாரம் இப்படியே ஓடியது. முதலில் சொன்ன அந்த ஞாயிறு லோகுவின் மனைவி கலா வந்தாள். அவன் பகடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், தயங்கி நின்றாள்.

"கொஞ்ச நேரம் ஒக்காந்து பாக்கட்டுங்களாண்ணா? ஞாயித்துக்கெழமையானா இங்கயே கெடப்பாரு. அப்படி என்னதான் ஆடுவாருன்னு தெரிஞ்சிக்கணும்."

நாற்காலி போட்டேன். மாறனைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

கதையில் ஒரு குகை வந்தது. உள்ளே பொறி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டு வாரப் பழக்கம், ரவியின் வாய் முந்திக்கொண்டது.

"லோகுவ மொதல்ல அனுப்புடா. அவன்தான் செத்துட்டானே, இன்னும் என்ன ஆவப் போவுது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"யாருங்கண்ணா அது?" என்றாள் கலா.

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"அவரு இப்ப பேசுவாருங்களா?"

"இல்லம்மா. எலும்புக்கூடு பேசாது. ரூல் அப்படி."

"நீங்க சொல்றத மட்டும் செய்வாரா?"

"ஆமாம்மா."

"வேணாம்னு சொல்ல முடியுங்களா?"

நான் ரூல் புத்தகத்தைப் புரட்டுவது போல் பாவனை செய்தேன். பதில் எனக்குத் தெரியும். முடியாது.

எங்கள் பக்கம் அடக்கத்துக்கு முன்னால் அரைஞாண் கயிற்றை அறுத்துவிடுவார்கள். கால் கட்டு, கை கட்டு எல்லாவற்றையும் அவிழ்ப்பார்கள். போகிறவன் எந்தக் கட்டும் இல்லாமல் போக வேண்டும். லோகுவுக்கு அவன் தம்பி அறுத்தபோது நாங்கள் மூவரும் குழிக்குப் பக்கத்தில்தான் நின்றோம்.

கலா மெதுவாகச் சொன்னாள்: "கயித்த அறுத்து வுட்டுதானேண்ணா அனுப்புனோம். நீங்க மறுபடியும் கட்டி வச்சிருக்கீங்க."

"அவன் இல்லாம எங்களால ஆட முடியலம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்குந்தான் முடியல. நான் எழுப்பலீங்களே."

ஸ்டீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கருமாதி சாப்பாட்டுக்கு வந்ததோட சரி. அப்புறம் ஒருத்தரும் வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலீங்களே! இங்க வாராவாரம் அவர வேல வாங்கியிருக்கீங்க."

அது உண்மை. லோகுவின் வீடு இருக்கும் நல்லம்பள்ளி இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. போனால் அவன் இல்லாததைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"என்ன செய்யட்டும்மா?"

"அவுத்து வுடுங்கண்ணா."

கதையை நடத்துகிறவன் நான். குகை வாசலில் குழி வெட்டினீர்கள், மாறனைப் படுக்க வைத்தீர்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "கயித்த யார் அறுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நான்" என்றான் ரவி. நாலு மாதத்தில் அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பகடை உருட்டவில்லை. எதற்கு உருட்டுவது?

மாறனின் காகிதத்தைக் கலா கேட்டாள். முழுக்க லோகுவின் கையெழுத்து. மடிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

நேற்று ஞாயிறு. ஆட்டம் இல்லை. மூன்று பேரும் நல்லம்பள்ளி போனோம். என்ன வாங்குவதென்று தெரியாமல் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் வாங்கியிருந்தோம். (மூன்று பேரும் ஒரே கடையில்!)

வாசலில் லோகுவின் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஸ்டீபன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கடா. அவங்கூடவே நீங்களும் செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."