ருபாப்புக்கு மெழுகுதிரி ஏற்றிய தவமணி

ஆறு வருடமாகத் தவமணி ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் அப்பிள் பை பெட்டிகளுக்கு மூடி போட்டு வந்தாள். நாளொன்றுக்கு மூவாயிரம் பை அவள் கையால் மூடப்பட்டுப் போகும். ஒன்றையாவது அவள் ருசி பார்த்ததில்லை. அஜின்கோர்ட் வீட்டில் அவள் செய்வதெல்லாம் வடையும் பயற்றம் பணியாரமும்தான்.

இதில்தான் மச்சாள் யோகராணிக்கு இளக்காரம். யோகராணி, தவமணியின் கணவர் சிவபாதத்தின் தங்கை. விட்பியில் புதுவீடு வாங்கிப் போன நாளிலிருந்து கனடாவையே தான் கட்டி முடித்தவள் போலப் பேசுவாள். வெள்ளைக்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், புல்லை எந்த உயரத்துக்கு வெட்டுவார்கள் என்பதெல்லாம் அவளிடம் கேட்டால்தான் சரி. கேட்காவிட்டாலும் சொல்லுவாள். தைப்பொங்கலுக்கு வந்தவள், பத்துப் பேர் பார்க்க, "ஆறு வருசமா பை பக்ரறியில நிக்கிறியள் மச்சாள். ஒரு வெள்ளைக்காரச் சாமான் உங்கட கையால செய்யத் தெரியாதே?" என்று கேட்டுவிட்டு, பொங்கலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வாயாலேயே 'நல்லாயிருக்கு' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று தவமணி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

ஆனி மாதம் வழி பிறந்தது. வேலையில் பக்கத்தில் நிற்கும் டொரத்தி, தன் வீட்டு வளவில் வெட்டிய ருபாப் தண்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கீரைத்தண்டு போலச் சிவப்பு, கடித்தால் பல் கூசும் புளிப்பு. தன் தாய் செய்கிற விதத்தையும் சொன்னாள். இலை நஞ்சு, வெட்டி எறிய வேண்டும். தண்டை விரல்கணு அளவில் நறுக்கிச் சீனியில் புரட்டித் தட்டில் பரப்ப வேண்டும். மேலே போட மாவும் பட்டரும் ஓட்ஸும் கறுவாத்தூளும். புட்டுக்குக் குழைப்பதுபோல உதிரி உதிரியாகப் பிசைந்து தூவி, ஓரத்தில் சிவப்புச் சாறு கொதிக்கும்வரை அவண் அடுப்பில் வைக்க வேண்டும். பிறகு கோப்பையில் போட்டு ஐஸ்கிறீமோடு கரண்டியால் சாப்பிட வேண்டும். தவமணி எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

சிவபாதத்துக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. ஐசிங் கேக்குக்கு ஓடர் கொடுப்போமா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். தவமணி பார்த்த பார்வையில், ருபாப்பே போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

முப்பது பேர் வந்தார்கள். யோகராணி மயில்நீலக் காஞ்சிபுரச் சேலையில் வந்தாள். வீடியோ எடுக்கக் கிறிஸ்துநாயகம் வந்து லைற்றைப் போட்டான். எங்கள் ஆட்களின் பிறந்தநாளில் கேக் என்பது தின்பதற்கல்ல, தீத்துவதற்கு. சொந்தக்காரர் வரிசையாக வந்து ஆளுக்கொரு துண்டு பிறந்தநாள்காரரின் வாயில் வைத்து, அவர் கையால் தாங்களும் ஒரு துண்டு வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த வீடியோக் கொப்பி பரிஸுக்கும் லண்டனுக்கும் போகும்.

தவமணி ருபாப் தட்டில் ஆறு மெழுகுதிரி குத்தினாள். இரண்டு சாய்ந்தன. ஒன்று கழுத்துவரை இறங்கியது. சிவபாதம் கத்தியை வைத்தார். அது தண்ணீரில் வைத்ததுபோலப் போய் வந்தது, வெட்டிய இடம் உடனே மூடிக்கொண்டது.

கிறிஸ்துநாயகம் கமராவை இறக்கினான். "வெட்டுத் தெரியேல்லை அன்ரி. வெட்டாட்டி இதைப் பிறந்தநாள் வீடியோ எண்டு நான் எப்பிடிக் குடுக்கிறது?"

"அண்ணை, ஓடிப்போய் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள் யோகராணி. "பரிஸில பாக்கிற சனம் நாங்கள் களி வெட்டுறம் எண்டெல்லே நினைக்கும்."

சிவபாதம் கார்த் திறப்பை எடுத்தார். தவமணி அதை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "இதால தீத்துங்கோ."

முப்பது பேரும் வரிசையில் வந்து, ஆஸ்பத்திரி வாட்டில் கஞ்சி பருக்குவதுபோல அவருக்குப் பருக்கினார்கள். அவர் திருப்பிப் பருக்கினார். எல்லாரும் கமராவைப் பார்த்து 'நல்லம்' என்றார்கள். கமரா இல்லாத பக்கம் திரும்பியும் சிலர் அதையே சொன்னார்கள்.

யோகராணி சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். புளிப்புப் பட்டதும் ஒரு கண் மூடியது. பிறகு அது மெல்லத் திறந்தது. அவளே கரண்டியை வாங்கி, ஓரத்தில் முறுகியிருந்ததைச் சுரண்டி எடுத்தாள். தவமணி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுவே?" என்றாள் யோகராணி. "இது நாங்கள் விட்பியில கிழமைக்குக் கிழமை செய்யிறது. உங்கடையில சீனி காணாது மச்சாள்."

தவமணியின் முகம் ஒரு கணம் இருண்டது. பிறகு வலு அன்பாகச் சொன்னாள்: "அப்ப நல்லதாப் போச்சு. வாற ஞாயிறு எல்லாரும் விட்பிக்கு வாறம். தம்பி, கமராவையும் கொண்டு வாரும்."

முப்பது பேரும் ஓம் என்றார்கள்.

புதன்கிழமை தொலைபேசி அடித்தது. யோகராணி மிகவும் தணிந்த குரலில் பேசினாள். தண்டு எங்கே வாங்குவது, இலையை வறை வறுக்கலாமா என்று கேட்டாள். தவமணி ஒன்றையும் ஒளிக்கவில்லை. இலை நஞ்சு என்பதை மூன்று தரம் சொன்னாள். மா, பட்டர், ஓட்ஸ் எல்லாம் அளவோடு சொன்னாள்.

"சீனி எவ்வளவு மச்சாள்?"

"எனக்குத்தானே சீனி போடத் தெரியாது."

தவமணி அவசரப்படவில்லை.

"அண்டைக்கு... நல்லாத்தான் இருந்தது மச்சாள்."

"கேக்கேல்லை. லைன் சரியில்லைப் போல."

"நல்லாயிருந்தது எண்டுறன்!"

அந்தப் பக்கத்தில் அவளுடைய புருஷன், என்ன நல்லாயிருந்தது என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

"ஒண்டரைக் கப்," என்றாள் தவமணி. "எழுதுங்கோ."