அவிழ்த்துவிட்ட குதிரை

செண்பகனூர் பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு பேரி மரம் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. ஆவணியில் அதன் காய்கள் ரோட்டில் விழுந்து, மழையில் ஊறி, டயரில் நசுங்கிப் புளிக்கும். நடந்து போகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் நின்றுவிடுவேன். சாராய ஊறலின் வாடை அது. நனைந்த குதிரையின் வாடையும் கூடச் சேர்ந்துவிட்டால் நான் செண்பகனூரில் இல்லை. எங்கள் ஊரான கிளாவரையில், கண்ணில் ஈரத்துணியோடு கிடக்கும் அண்ணன் பக்கத்தில், பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சாராயத்தைக் காய்ச்சியவனை நேரில் மாமா என்போம். மனசுக்குள் எனக்கு அவன் எப்போதும் அவன்தான்.

முதலில் அவனிடம் இரண்டு குதிரைகள். சரிவுத் தோட்டங்களிலிருந்து பூண்டு மூட்டையை ரோட்டுக்கு ஏற்றிவருவது சோலி. அரசு மதுக்கடைக்குப் போகக் கொடைக்கானலுக்கு பஸ் பிடிக்க வேண்டும்; குளிரோ வீடு தேடி வரும். அதை வியாபாரமாகப் பார்த்த முதல் ஆள் அவன். சோலைக்காட்டுக்குள் ஊறல் போட்டான். காய்ச்சிய சாராயத்தை லாரி ட்யூப்பில் அடைத்து, மேலே முட்டைக்கோஸ் மூட்டையை வைத்துக் கட்டி, குதிரையைத் தனியாக அனுப்பினான். கூட ஆள் கிடையாது. கழுத்து மணிக்குள் துணி. கீழே ஒருவன் சரக்கை இறக்கிக்கொண்டு முதுகில் தட்டுவான், அது தானே திரும்பும். திரும்பாமல் என்ன செய்யும்? காய்ச்சுகிற இடத்தில், அவன் உள்ளங்கையில், அதற்கு ஒரு கட்டி வெல்லம் காத்திருக்கும். வேறு யார் கையிலும் வெல்லம் வாங்கக் கூடாதென்று அடித்துப் பழக்கியிருந்தான்.

இரண்டு குதிரை எட்டாயிற்று. கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் அவை போயின. ஜீப் வந்தது, கல் வீடு வந்தது, மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டம் அவன் தலைக்கு வந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பூண்டும் அவன் குதிரையில்தான் ரோட்டுக்கு ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு கல்யாணம். கேட்ட அளவுக்குக் காய்ச்ச முடியாமல், எங்கிருந்தோ கேனில் கொண்டுவந்த ஸ்பிரிட்டைக் கலந்து கொடுத்தான். குடித்தவர்களில் ஒருவர் செத்துப்போனார். அண்ணன் பிழைத்தான். காலையில் எழுந்து, இன்னும் விடியவில்லையா என்று கேட்டான். வெயில் அவன் முகத்தின் மேல் கிடந்தது.

நான் கல் வீட்டுக்குப் போனேன். ஜீப் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு நான் பேசி முடிக்கும்வரை கேட்டான். பிறகு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கேஸ் குடுத்துக்க தாயி. என் சரக்குன்னு யாரு சொல்லுவா? குதிரை வந்து சாட்சி சொல்லுமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எங்கள் சொந்தக்காரர் இருவரும் இருந்தார்கள். அவர்கள் பல்வரிசை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

ஏழு மாதம் கழித்து, வெள்ளனே முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் போனேன். வழிச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது அவனுடைய செவலைக் குதிரை கம்பத்தில் கட்டிக் கிடந்தது. ட்யூப்புகள் பக்கத்தில். யாருடைய குதிரை என்று போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவராகக் கேட்டார். நாற்பது பேரும் வெளியே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குதிரை, கட்டிய கயிற்றை மேற்குப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. சோலை இருக்கிற பக்கம்.

வாந்தி வருகிறது என்று சொல்லி இறங்கினேன். வாய் கொப்பளிக்கப் போலீஸ்காரரிடம் தண்ணீர் கேட்டேன். அவர் செம்பை நீட்டியபோது, குனிந்தபடியே சொன்னேன்:

"அவுத்து விட்டுட்டுப் பின்னாலயே போங்க சார். அது வெரசாப் போயிச் சேர்ந்துரும்."

மற்றது ஊர் சொல்லிக் கேட்டது. குதிரை எங்கேயும் நிற்கவில்லை, புல்லைக்கூட மோந்து பார்க்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை நீட்டியபடி நின்றிருந்தான். போலீஸ் அந்தக் கையைப் பிடித்தபோது வெல்லம் விரலில் ஒட்டியிருந்ததாம்.

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். பூண்டைத் தடவித் தடவிப் பல் பிரித்துக்கொண்டிருந்தவன், கண் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். குதிரைக்கு அன்றைக்கு வெல்லம் கிடைத்ததா என்று கேட்டான்.

ஜீப், கல் வீடு எல்லாம் வழக்கில் கரைந்தன. குதிரையை அவிழ்க்கச் சொல்லிக் காட்டிக்கொடுத்தது தன் மச்சினன்தான் என்று முடிவுகட்டி, ஜாமீனில் வந்ததும் அரிவாளோடு போனான். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். ஜெயிலை விட அந்தச் சந்தேகம்தான் அவனை அதிகம் தின்றது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது, இதை வாசித்துக் காட்ட அவனுக்கு ஆளும் மிச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்போது கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்ட் பிள்ளைகளை ஏற்றி ரவுண்டு அடிக்கிறான். யாரோ ஒருவருடைய குதிரை, கூலிக்கு நடத்துகிறான். செண்பகனூரில் அறை. போன வாரம் மழைக்கு அந்தப் பேரி மரத்தடியில் ஒதுங்கினான். நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். குதிரை அழுகின காயைத் தின்றுகொண்டிருந்தது.

அடையாளம் கண்டுகொண்டான். அண்ணனைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு தாயி. அன்னைக்கு நீயும் அந்த பஸ்ஸுல இருந்தியாம்ல. குதிரைய அவுத்து விடச் சொன்னது யாரு? மச்சினன் இல்லையாம், சாகக் கெடக்கையில சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டான். பதினஞ்சு வருசமா நெஞ்சுல கல்லாக் கெடக்கு. தெரிஞ்சாப் போதும், கண்ண மூடிருவேன்."

இந்த நாளுக்காக ஒரு வார்த்தையைப் பதினைந்து வருடம் கூர் தீட்டி வைத்திருந்தேன். நான்தான். ராத்திரி படுக்கையிலும் பூண்டு உரிக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் கேட்கிறவன் முகம். கொடுத்தால் குடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான்.

டவுன் பஸ் வளைவில் திரும்பியது. படியில் காலை வைத்தேன்.

"சொல்லிட்டுப் போ தாயி" என்றான்.

"குதிரைகிட்டயே கேளுங்க மாமா."