பத்து நாள் கேட்ட கத்தல்

என் மகள் ஒரு பங்க் இசைக் குழுவில் பாடுகிறாள். அவர்களுடைய முதல் பாட்டுகளில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் நடுவே ஒரு மெட்டு ஒளிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் நானும் ரசிகனாக இருந்தேன். ஒருநாள், "இந்த முறை கொஞ்சம் கடுமை அப்பா, கேட்டுட்டுச் சொல்லுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். கூடவே இரண்டு இணைப்புகள். கீழே இருந்ததைத் தொட்டேன்.

வேலைக்குப் போக லா கூர்னெவ் நிலையத்தில் ரயில் ஏறியபோது பாட்டு தொடங்கியது. கார் து நோர் நிலையம் வருவதற்குள் தலையிடி வந்துவிட்டது. மெட்டுமில்லை, மண்ணுமில்லை. ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். வேறு யாராவது என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். பெற்ற பிள்ளையாயிற்றே! தினமும் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். நான்காம் நாள் டிரம் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டது. ஏழாம் நாள், ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் கடையில், வெண்டைக்காய் அடுக்கிக்கொண்டே தலையை ஆட்டியிருக்கிறேன். "அண்ணை, கழுத்துப் பிடிச்சிட்டுதோ?" என்று கூட வேலை செய்பவர் கேட்டார்.

பழகப் பழக, கத்தலுக்குள் இருந்த கோபமும் புரியத் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு நீண்ட கத்தல் வரும். அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரர் விசாரித்தபோது, "பாட்டுக் கூத்தெல்லாம் விட்டிட்டாள், இப்ப படிப்புத்தான்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவே இல்லை.

பத்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, பாட்டு நன்றாக இருக்கிறது என்று தொடங்கினேன். "அந்த நீட்டுக் கத்தல் என்னைத்தானே? அண்டைக்குக் கலியாண வீட்டிலை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, பிள்ளை. வெக்கப்பட்டுச் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான்."

பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் என் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது நாங்களில்லை. பெல்ஜியத்துப் பெட்டையள். எனக்குப் பிடிச்ச குழு எண்டு சும்மா சேர்த்து அனுப்பினனான்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் பத்து நாளாய்க் கொஞ்சியது அயலவன் குஞ்சை! கத்தும்போது எல்லாத் தொண்டையும் ஒன்றுதான் போலிருக்கிறது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவள் மேலே இருந்த இணைப்பைப் போட்டாள். அவர்களுடைய சொந்தப் பாட்டு. காது அடைத்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. இன்னும் பத்து நாள் தா" என்றேன்.

"ஓம், ஆறுதலாக் கேளுங்கோ" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது. "ஆனா அந்தக் கலியாண வீட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துப்போடாதேங்கோ, அப்பா."