அன்னம்மாள் வீட்டுச் சுவரும் நான் விட்ட உத்தியோகமும்

என்னோடு முழங்கால் போட்டு ஜெபிக்கிற அன்பான சபையாரே,

எங்கள் மகள் எஸ்தருக்கு வந்த அருமையான சம்பந்தம் ஒரு சுவரைத் தட்டியதால் முறிந்துபோனது. தட்டினவன் நான்தான். அந்த நாட்களில் நானும் என் மனைவி ரத்தினமும் பட்ட பாட்டையும், கர்த்தர் எங்களுக்குச் செய்ததையும் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

நிஜாம் சர்க்காரில் ஓர் அலுவலகத்தில் வீடுகளுக்கும் மனைகளுக்கும் விலை மதிப்பிடுவது என் உத்தியோகம். மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்து போன பிறகு ஹைதராபாத் பட்டணத்தில் பல தெருக்களை அகலப்படுத்தினார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்குள் முதலில் காலடி வைக்கிறவன் நான். நீள அகலம் அளப்பேன். உத்திரத்தை அண்ணாந்து பார்ப்பேன். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுப்பேன். கெட்டியான சுவர் ஒரு விதமாகச் சத்தம் கொடுக்கும், உள்ளே பொக்கையான சுவர் வேறு விதமாகக் கொடுக்கும். நான் பொக்கை என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு வரவேண்டிய நஷ்டஈடு குறையும். அதனால் நான் எந்தச் சுவரைக் குறை சொன்னாலும், விலையை அடிக்கிறான் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

பாவத் தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. நியாயமாகவே செய்தேன். ஆனாலும் சந்தோஷமாக என்னை உள்ளே அழைத்த வீடு ஒன்றுகூட இல்லை. பர்தா போட்ட வீடுகளில் நான் ஒரு அறைக்குள் போனால் பெண்கள் அடுத்த அறைக்கு ஓடுவார்கள். திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கும். அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவேன். சிக்கந்திராபாத்தில் நம் சபையாரே வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு என்னை அழைக்கும்போது, "நாடாவை வீட்டிலேயே வச்சிட்டு வாங்க அண்ணே" என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்காது.

எஸ்தரைக் கேட்டு வந்த பையன் சாமுவேல். ரயில்வே பட்டறையில் வேலை. தகப்பன் இல்லை. தாயார் அன்னம்மாள் மூசி ஆற்றங்கரையில் சாதர்காட்டில் சொந்த வீட்டில் இருந்தார்கள். காலஞ்சென்ற கணவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டின வீடு. செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பம். பட்டணத்தில் நெடுநாள் இருந்ததால் பேச்சில் தக்கணி உருது தாராளமாகக் கலந்து வரும். முறைப்படி நானும் ரத்தினமும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்.

நல்ல உபசாரம். அன்னம்மாள் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எங்களை எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரத்தினமும் அவர்களும் ஊர்க்கதை பேசினார்கள். நான் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த அவர் கணவரின் படத்தைப் பார்க்கப் போனேன். சபையாரே, என் கை என்னைக் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே தட்டிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே தட்டினேன். குனிந்து காதை வைத்தேன். கட்டில் தலைமாடு வரைக்கும் சுவர் பொக்கை. வெள்ளத்தில் ஊறின மண் சுவர். மேலே அழகாகச் சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். இருவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க அளக்கிறீங்க?" என்று அன்னம்மாள் கேட்டார்கள்.

"அம்மா, இந்தச் சுவர் உள்ளே ஒண்ணுமே இல்லை. மழைக்கு நிக்காது. இங்கே படுக்காதீங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் முகம் மாறிவிட்டது. "ஓஹோ! பொண்ணு குடுக்க வந்தீங்கன்னு நெனைச்சேன். எங்க தெருவையும் இடிக்கப் போறாங்களா? அதான் விலைய கொறைக்க இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?"

எவ்வளவோ சொன்னேன். ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. எங்கள் தெருவுமா, எப்போது, எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. அன்னம்மாள் எழுந்து நின்று, "நக்கோங்க! உங்க சம்பந்தமும் நக்கோ, உங்க மதிப்பும் நக்கோ" என்று, ஒன்றும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டான். தாயை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவன்.

ஜட்கா வண்டியில் ஹுசேன் சாகர் ஏரிக் கரையோரமாகத் திரும்பி வந்தோம். ரத்தினம் திருநெல்வேலிக்காரி, மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். "நீங்க மாப்பிள்ளையப் பாக்கப் போனியளா, செவத்தப் பாக்கப் போனியளா?" என்றாள். எஸ்தர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "சாப்பிட வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். என் உத்தியோகத்தைக் கேட்டுப் பின்வாங்கின சம்பந்தங்கள் முன்பே உண்டு. இவர்கள்தான் அதைப் பொருட்படுத்தாமல் வந்தவர்கள்.

ஆனால் சம்பந்தம் போனதைவிட அந்தச் சுவர்தான் என்னை வாட்டியது. ஆனி பிறந்துவிட்டது. வானத்தில் மேகம் கட்ட ஆரம்பித்தது. ஒரு மழை வந்தால் போதும். நம் போதகர் ஐயாவிடம் அழுதேன். அவர் எனக்காகச் சாதர்காட்டுக்குப் போய் வந்தார். "மதிப்புக்காரர் அனுப்பித்தானே வந்தீங்க ஐயா?" என்று அன்னம்மாள் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் நான் கோவிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அலங்காரமாக ஜெபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, அந்த அம்மா உயிரோடு இருக்கணும். அவங்க என்னை நம்பணும். அதுவரைக்கும் மழையைப் பிடிச்சு வையும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் உள்ளத்தில் ஒன்று தெளிவாகப் பட்டது. நான் இந்த உத்தியோகத்தில் இருக்கிறவரை ஒரு சுவரைப் பற்றி நான் சொல்கிற எதையும் யாரும் நம்பப் போவதில்லை. அதை விட்டால் நம்புவார்கள். நான் கேட்டது இது அல்லவே!

வீட்டுக்கு வந்து ரத்தினத்திடம் சொன்னேன். "அப்பாவுக்கு உத்தியோகமும் இல்லேன்னா நம்ம பிள்ளைய யாரு கேட்டு வருவா?" என்று அழுதாள். நியாயமான கேள்விதான். அடுப்படியில் வெகுநேரம் இருந்துவிட்டு வந்து, "அந்தம்மா இப்பவும் அங்கனதான் படுக்காவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கே எழுதிக் குடுத்துருங்க. பிள்ளைய ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றாள். என் வீட்டில் என்னைவிடப் பெரிய விசுவாசி அவள்தான்.

எங்கள் அலுவலகத்தில் வேலையை விடுவது லேசில்லை. எழுதிக் கொடுத்தாலும் வேறு ஆள் வரும்வரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். மேலதிகாரி மிர்ஸா சாஹேப் என் காகிதத்தைப் பார்த்து, "கைக்கு மியான்?" என்று கேட்டார். ஏன் என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு நான் முழுக் கதையையும் சொன்னேன். சுவர், கட்டில், மழை, மகள் எல்லாம். அவர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். "ஹவ், ஜாவ்" என்று அப்போதே கையெழுத்துப் போட்டார். சரி, போ என்று அர்த்தம். ஒருவரையும் அவர் அப்படி விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் ஜெபத்துக்கு வந்த முதல் பதில் அது.

அங்கிருந்து நேரே மல்லய்யா என்கிற தெலுங்குக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு சாதர்காட்டுக்குப் போனேன். வானம் கறுத்திருந்தது. வழியெல்லாம் ஜெபம்தான்.

அன்னம்மாள் கதவைப் பாதி திறந்தார்கள். "அம்மா, நான் இன்னைக்கு உத்தியோகத்தை விட்டுட்டேன். இனிமே எந்த வீட்டுக்கும் விலை போடுற ஆள் நான் இல்லை. சம்பந்தம் பேசவும் வரலை. அந்தச் சுவரில் ஒரு கையகலம் பூச்சை எடுத்துக் காட்டுறேன். கெட்டியா இருந்தா பூசிக் குடுத்துட்டுப் போயிடுறேன்" என்றேன்.

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எங்க செவுத்துக்காகவா வேலைய விட்டீங்க?"

"உங்களுக்காகம்மா."

வழி விட்டார்கள். மல்லய்யா உளியை வைத்து லேசாகத் தட்டினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. கைநிறைய ஈர மண்ணும் கறையானும் அள்ளிக்கொண்டு வந்து காட்டினான். அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பட்டறையிலிருந்து வந்த சாமுவேலும் சேர்ந்து கட்டிலையும் சாமான்களையும் முன்னறைக்கு மாற்றினோம். கூரைக்கு முட்டுக் கொடுத்தோம். மறுநாள் பகலில் அந்தச் சுவரைக் கையாலேயே இறக்கினோம். பாதிக்கு மேல் எங்களைக் கேட்காமல் தானாகவே சரிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

கடைசி மண்ணையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைகழுவும்போது மழை இறங்கியது. அப்படி ஒரு மழை! கட்டில் கிடந்த இடத்தில் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்து அன்னம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணு பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.

அறுப்பின் பண்டிகை முடிந்து எஸ்தருக்கும் சாமுவேலுக்கும் நம் கோவிலில் கல்யாணம் நடந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். புதுச் சுவருக்குக் கல் வைத்ததே என் புதுத் தொழிலின் முதல் வேலை. இப்போது மல்லய்யாவும் நானும் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறோம். முதல் சில மாதங்கள் கைக்கும் வாய்க்கும் இழுபறிதான். பொய் சொல்ல மாட்டேன். இன்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பழைய சம்பளம் இல்லை, பழைய பாரமும் இல்லை. நான் போகிற வீட்டில் பெண்கள் ஓடுவதில்லை. "இங்கே ஒழுகுது, இதையும் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்களில் யாருக்காவது வழி அடைபட்டிருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் பதிலுக்கு உங்கள் கையில் இருக்கிற ஒன்றைக் கேட்டால் பயப்படாமல் கொடுங்கள். தனியாகக் கேட்க மனம் வராவிட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சம்பந்தியம்மாள் அன்னம்மாள் சாதர்காட்டிலிருந்து ஜட்கா பிடித்து எல்லாருக்கும் முந்தி வந்துவிடுவார்கள். அவர்கள் ஜெபம் கொஞ்சம் நீளம்தான். உயிரோடு இருக்கிறதற்காக நன்றி சொல்ல ஆரம்பித்தால் அவர்களுக்கு நிறுத்த வராது.