முன்சீட்டுக்கு வைத்த தண்ணீர்

இது நடந்தது. எனக்கு நடந்தது. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், கத்திரி வெயிலில், முன்னாலும் பின்னாலும் வண்டிகள் ஓடுகிற பெரும்பாக்கம் சாலையில். சுடுகாடும் நாய் ஊளையும் இருந்தால்தான் பேய் என்று நினைப்பவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளுங்கள். நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை.

என் பெயர் கிறிஸ்டினா. வீடு மாடம்பாக்கத்தில். அப்பா அந்தோணிசாமி பெயிண்டர். அம்மா அம்மணி, தாம்பரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். நாவலூரில் ஒரு கால் சென்டரில் வேலை. இங்கிலாந்தில் எவன் வீட்டிலோ வெந்நீர் வரவில்லை என்றால் அவன் கத்துவதைக் கேட்டு, நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் குரல்தான் என் சம்பளம்.

அந்தக் குரல் ஏப்ரலில் கெட்டுப்போனது. பேசினால் தகரத்தில் மணல் உரசுகிற சத்தம். தொண்டை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசியிலயே இருக்கீங்க. தொண்டை காய்ஞ்சு கிடக்கு. கொஞ்ச நாள் பேசாதீங்க" என்றார். பேசாவிட்டால் யார் சோறு போடுவது என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மே மாதக் கடைசியில் எனக்குக் குரல் தேர்வு. அன்று நான் பேசும் அழைப்புகளைப் பதிவு செய்து மார்க் போடுவார்கள். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

என் டீம் லீடர் ஸ்ம்ருதிதான் அந்த டப்பாவைக் கொடுத்தாள். ஹியூமிடிஃபையர். டம்ளர் அளவு. உள்ளே தண்ணீர் ஊற்றி, கார் சார்ஜரில் செருகினால், மேலே உள்ள ஓட்டை வழியாகப் பனி மாதிரி மெல்லிய புகை வரும். நீல விளக்கு எரியும். தண்ணீர் தீர்ந்தால் சிவப்பாகி, மூன்று முறை கத்திவிட்டு நின்றுபோகும்.

"ஃப்ளைட்ல போறப்போ நான் பக்கத்துல வெச்சுப்பேன். தொண்டை காயாது. கேப்ல வெச்சுண்டு வா, எக்ஸாம் முடியற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

நான் ஃப்ளைட்டை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கேப் டிரைவர் கதிரேசன் அண்ணனுக்கு அது பெரிய தமாஷ். "மெட்ராஸ்ல வேர்வ பத்தலன்னு மிஷினு வாங்கினு வந்த மொத ஆளு நீதாம்மா" என்பார். ஆனால் சார்ஜர் வயரை அவரே எடுத்துக் கொடுப்பார். இரண்டு வாரத்தில் தொண்டை கொஞ்சம் தேறியது.

தேர்வு நாள். மதியம் இரண்டு மணிக்கு வண்டி வந்தது. வேறு வண்டி. வழக்கமான வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார் கதிரேசன் அண்ணன். அன்றைக்கு நான் ஒருத்திதான்.

முன்சீட்டில் ஏறப் போனேன்.

"அங்க வோணாம். பின்னாடி குந்து."

அப்போதுதான் பார்த்தேன். முன்சீட்டில் ஆள் இல்லை. ஆனால் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. பெல்ட்டுக்குள்ளே, சீட்டில் சாய்ந்தபடி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சீல் உடைக்காதது.

"இன்னாண்ணா, பாட்டிலுக்கு பெல்ட்டா?"

"சென்சாரு அவுட்டு. பெல்ட்ட கயட்டினா ஆளு குந்திகினு கீற மாதிரி கத்திகினே கீது." கொஞ்சம் நிறுத்தி, "பாட்டில்ல கைய வைக்காத" என்றார்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். தேர்வுக்கு என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

மேடவாக்கம் தாண்டி, டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். அவர் இறங்கியதும் டப்பாவை எடுத்தேன். என் தண்ணீர் பாட்டில் பையில் இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே விட்டிருக்கிறேன். தொண்டை அதற்குள் அரிக்க ஆரம்பித்தது.

முன்சீட்டுப் பாட்டிலை உருவினேன். சீலைத் திருகி உடைத்து, டப்பாவில் ஊற்றினேன். தண்ணீர்தானே. மீதியை நான் குடித்தேன்.

கதிரேசன் அண்ணன் வந்து வண்டியை எடுத்தார். பாட்டில் இல்லாததைக் கவனிக்கவில்லை.

டப்பாவைச் சார்ஜர் வயரில் செருகினேன். உஸ்ஸ்... என்று புகை வர ஆரம்பித்தது.

ஏசிக் காற்று முன்னாலிருந்து பின்னால் வரும். அதனால் புகை எப்போதும் என் முகத்துக்குத்தான் வரும். அன்றைக்கு வரவில்லை. வளைந்தது. காற்றை எதிர்த்து முன்னால் போனது. இரண்டு சீட்டுக்கு நடுவே நுழைந்து, முன்சீட்டின் தலைப்பக்கம் போய் மறைந்தது.

ஏசி மாறி அடிக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு புகை நின்றது. மறுபடி போனது. நின்றது. மறுபடி போனது.

இழுத்து... நிறுத்தி... இழுத்து...

யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

டப்பாவைப் பார்த்தேன். ஒரு முறை ஊற்றினால் நாவலூர் போய்த் திரும்பும் வரை தாங்கும். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாதி காலி.

முன்பக்க இடது கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. அது மட்டும். உள்பக்கமாக. மே மாத வெயிலில், ஏசி ஓடும் வண்டியில், கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடிக்காது. எட்டாவது படித்தவனுக்கும் தெரியும்.

"அண்ணா... கண்ணாடி..."

அவர் திரும்புவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

க்ளிக்.

முன்சீட்டு பெல்ட் தானாகக் கழன்று, மெதுவாக உள்ளே போனது.

டிங்... டிங்... டிங்...

அவர் முன்சீட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தண்ணி எங்க?"

"ஊத்திட்டேன்."

"எதுல?"

டப்பாவைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை இறக்கும் பட்டனை அழுத்தினார். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். நாலு கண்ணாடியும் அசையவில்லை.

டிங்... டிங்...

வெளுத்த கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தது.

மேலிருந்து கீழே.

பக்கத்தில் இன்னொன்று.

ஐந்து கோடுகள்.

விரல்.

உள்பக்கம்.

என் போன் அடித்தது. டிரான்ஸ்போர்ட் டெஸ்க். பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தேன். "வண்டி எங்க மேடம் இருக்கு?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

முன்சீட்டிலிருந்து பதில் வந்தது.

"அஞ்சு நிமிஷம் சார்..."

காய்ந்த குரல். தகரத்தில் மணல் உரசுகிற குரல்.

டப்பா சிவப்பானது. பீப். பீப். பீப்.

வண்டி ஓரத்தில் நின்றது. கதிரேசன் அண்ணன் இறங்கி, சுற்றி ஓடி, முன்கதவை வெளியிலிருந்து திறந்தார். வெயில் உள்ளே அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது. கதவு திறந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் எழும்புமே... அப்படி.

டிங் நின்றது.

எதிரே பெட்டிக்கடை. ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். சீட்டில் சாய்த்து வைத்தார். பெல்ட் போட்டார். அதன் முன்னால், குழந்தையிடம் சொல்கிற மாதிரி, "தெரியாம பண்ணிடுச்சு மச்சான். வுட்ரு" என்றார்.

என்னைப் பார்த்து, "வர்றியா, ஆட்டோ புடிச்சுத் தரட்டா?" என்றார்.

அந்த வெயிலில், அந்தச் சாலையில், ஆட்டோ எப்போது கிடைத்து நான் எப்போது போவது. மூன்றரைக்குத் தேர்வு. லேட் என்றால் வராததாகக் கணக்கு. காரணம் கேட்டால் என்ன சொல்வது, முன்சீட்டில் ஆள் இருந்தார் என்றா? அந்த ஆத்திரத்தில்தான் மறுபடி ஏறினேன். தைரியம் எல்லாம் இல்லை. நாவலூர் வரை அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆபீஸில் என் சீட்டில் போய் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன். முதல் அழைப்பு. வாயைத் திறந்தேன்.

என் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. ஏப்ரலுக்கு முன்னால்கூட அப்படி இருந்ததில்லை. கத்திய ஆளெல்லாம் அடங்கிப்போய் நன்றி சொன்னான். தேறிவிட்டேன்.

மறுநாள் ஸ்ம்ருதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டாவது கால் பேசறப்போ உன் பக்கத்துல யார் இருந்தா?"

"யாரும் இல்ல. ரெண்டு பக்கமும் காலி சீட்டு."

"அப்போ இதைக் கேளு."

பதிவைப் போட்டாள். வாடிக்கையாளர் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். என் பக்கம் அமைதி. நான் பேசவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அமைதியில், என் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மூச்சு. இழுத்து... நிறுத்தி... இழுத்து...

பிறகு ஆண் குரல்.

"அஞ்சு நிமிஷம் சார்... கீழதான் கீறேன்... வந்துட்டேன்..."

ஸ்ம்ருதி நிறுத்தினாள். "பேக்ரவுண்ட் நாய்ஸ்னு போட்டுட்டேன்" என்றாள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். "இருக்கட்டும், நீயே வெச்சுக்கோ" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கதிரேசன் அண்ணனை டீக்கடையில் பிடித்தேன். சொல்லாமல் விடமாட்டேன் என்றேன்.

"ஜெபகுமார்னு பேரு" என்றார். "என் தோஸ்து. போன வருஷம் அந்த வண்டிய அவன்தான் ஓட்டினான்."

எங்கள் ஆபீஸில் டிரைவர்களுக்கு உட்கார ஓர் இடம் கிடையாது. டெஸ்க் போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வண்டி வர வேண்டும். அதனால் எல்லோரும் பார்க்கிங்கில், வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுத் தூங்குவார்கள். ஆறு மாதமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். போன மே மாதம் ஜெபகுமார் அப்படித்தான் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறார். வண்டிப் புகை உள்ளே வந்திருக்கிறது. முழிப்பு வந்தபோது கதவைத் திறக்கக்கூடக் கையில் தெம்பில்லை. கண்ணாடியின் உள்பக்கம் விரல் தடம் இருந்ததாம். பக்கத்தில் காலி தண்ணீர் பாட்டில்.

வண்டியைக் கழுவி, சீட் உறையை மாற்றி, இரண்டே வாரத்தில் ஓட விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வண்டியை எடுக்கும் டிரைவர் எவனாக இருந்தாலும் முன்சீட்டில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் கிளம்புவான்.

"அவன் ஒரு மணிக்கு முன்னாடியே செத்துப் பூட்டான்னு டாக்டரு சொன்னாரு" என்றார் கதிரேசன் அண்ணன். "நாலு மணிக்கு மேல டெஸ்க்லேர்ந்து போன் போட்டுக்கீறாங்க. எடுத்து, அஞ்சு நிமிஷம் சார், கீழதான் கீறேன்னு சொல்லிக்கீறான். டெஸ்க்ல இருந்த பையன் பைபிள் மேல கைய வச்சு சொன்னான்."

"செத்தவர் எப்படிண்ணா போன எடுப்பாரு?"

அவர் டீக்கடைச் சுவரைக் காட்டினார். சார்ஜர் போடும் இடம்.

"போன் வண்டியிலயே இல்லம்மா. காலைலேர்ந்து இங்கதான் தொங்கிகினு இருந்துச்சு. யாரும் தொடல."

இப்போது எனக்கு வேலை நிரந்தரம். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்கிறார். டப்பாவை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். லீவு நாளில் மதியம் படுத்திருக்கும்போது டெஸ்க்கிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதே இல்லை.

எடுக்கிறாய் என்கிறாள் அம்மா. கண்ணை மூடியபடியே எடுத்து, ஆம்பளைக் குரலில், ஐந்து நிமிடம் என்கிறேனாம்.