பாலம் வரை நடந்த மூன்று மாதங்கள்

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. இந்திய வம்சாவளியினரான நாங்கள் பயந்துபோய், பா நகரில் இருந்த கடையை விற்றுவிட்டு, ஆஸ்திரேலியா போகக் காத்திருந்தோம். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் நான் தேறவில்லை.

"பிரஷர் அதிகம்மா. எடையைக் குறைச்சிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

"உன் ஒருத்தியாலதான் எல்லாரும் மாட்டிக்கிட்டோம்," என்றார் கணவர்.

ரொட்டியை இரண்டாகக் குறைத்தேன், இனிப்பை நிறுத்தினேன். ஊரடங்கு தளர்ந்த காலையில் கரும்புத் தோட்டச் சாலையில் நடக்கப் போனேன். துப்பாக்கியோடு ஒரு ஃபிஜியச் சிப்பாய் மறித்தான்.

"எங்கே போறீங்க, தீதி?" என்று, அக்கா முறை வைத்து ஹிந்தியில் கேட்டான்.

"உடம்பு இளைக்கணும்," என்றேன்.

சிரித்துவிட்டான். "பாலம் வரைக்கும் நடங்க. நான் பார்த்துக்கறேன்."

மூன்று மாதம் தினமும் அவன் காவலில் நடந்தேன். பத்து கிலோ குறைந்தது. விசாவும் வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவன், "நல்லா இளைச்சிட்டீங்க! விட்டுடாதீங்க. நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றான்.

"வருவேன்," என்றேன்.

அவன் போட்டிருந்த சீருடைக்குப் பயந்துதான் ஊரைவிட்டு ஓடினோம். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பானோ என்று நினைத்தால், இன்றும் வெட்கமாக இருக்கிறது.