இரண்டாவது பொட்டலம்

அம்மனே எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்று நான் நம்பிய காலை அது. போன ஐப்பசி, ஒரு வெள்ளிக்கிழமை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இரண்டே நாள் இருந்தது.

நான் தென்காசிக்காரி. இன்ஜினியரிங் படித்து, பிறகு சட்டமும் முடித்தேன். லண்டனில் பாரிஸ்டர் ஆக ஆசை. அதற்கு அங்குள்ள நான்கு வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும். உதவித்தொகை தருவதும் அந்தச் சங்கங்களே. ஆனால் ஒரு சங்கத்திடம் மட்டுமே கேட்க முடியும். பன்னிரண்டு தலைப்புகளில் அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தும் எனக்கு எது என்று முடிவாகவில்லை.

அதற்குள் பெரியப்பா வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்.

"ஏட்டி, இங்கன கோர்ட்டுலயே கட்சிக்காரனைவிட வக்கீலு கூட. நீ சீமைக்குப் போயி யாருக்குப் பேசப் போற?"

அப்பா அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. குற்றாலத்தில் அம்மன் முன் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று சொல்லி, பெரியப்பாவே இரண்டு வாழையிலைப் பொட்டலம் கட்டி வைத்தார். அப்பா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

செவ்வரளி.

"உத்தரவு ஆயிட்டு" என்று பெரியப்பா மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"அதையும் பிரிங்க பெரியப்பா."

"அம்மனையே குறுக்கு விசாரணை பண்ணுதியோ?"

நான் அழவில்லை. 'தாயே, இது நீ சொன்னது என்றால் அட்டவணையைக் கிழித்துவிடுகிறேன். இல்லை என்றால் காட்டு.' அவ்வளவுதான் வேண்டினேன்.

கோயில் வாசலைத் தாண்டியதும் மதில் மேலிருந்து ஒரு குரங்கு பாய்ந்து அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பறித்தது. தின்பண்டம் என்று நினைத்திருக்கும். இலையைக் கிழித்தது. முகர்ந்தது. வீசி எறிந்தது. அப்பாவின் காலடியில் விழுந்த அதுவும் செவ்வரளி.

"வெள்ளை எங்க அண்ணாச்சி?"

"பூக்காரி மாத்திக் குடுத்திருப்பா லே."

"கட்டுனது நீங்கல்லா?"

"கொரங்கு சாட்சியை நம்புதியா லே?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அப்பா அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

மத்தியானமே உட்கார்ந்து அட்டவணையில் பதினொரு தலைப்புகளை அழித்தேன். ஒன்றை மட்டும் விட்டேன்: முடிவு சொல்லும் முன் ஆளைக் கேட்பது யார்? விண்ணப்பிக்கும் எல்லோரையும் நேர்காணலுக்கு அழைக்கும் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கே அனுப்பினேன். நேர்காணலில், நான் சந்தேகப்பட்ட ஒரு சான்றைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

பங்குனியில் உதவித்தொகைக் கடிதம் வந்தது. பெரியப்பா இன்றும் எங்களோடு பேசுவதில்லை. நானும் மன்னித்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் அம்மனிடம் எண் போட்டுக் கோரிக்கை வைப்பேன். இப்போது 'காட்டு' என்ற ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். அவள் பெயரில் வேறு யாராவது பதில் சொன்னால் இரண்டாவது பொட்டலத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.